உளவியல் செய்முறை வகுப்பு செய்முறையாகவே நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் தங்கள் கல்விப் பக்கத்தில் உளவியல் படிப்பைப் பற்றி ஒரு கட்டுரையாவது வந்துவிடுகிறது. எங்கே படிக்கலாம், என்ன வேலை கிடைக்கும் என்பதெல்லாம் இருக்கிறது. வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் இருப்பதில்லை. கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் இளங்கலை மாணவர்களுக்கும், வேலைக்குப் போய்க்கொண்டே பொழுதோட படிக்க வருகிறவர்களுக்கும் இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிற சிலர் சேர்ந்து எழுதும் கடிதம் இது. நீளம் கொஞ்சம் கூடுதல்தான். வெட்டுவதானால் புள்ளியியல் பகுதியில் கை வைக்க வேண்டாம்; எல்லோரும் முதலில் வெட்டுவது அதைத்தான்.

குறை இதுதான். பாடத்திட்டத்தில் செய்முறைத் தாள் இருக்கிறது. பரிசோதனைப் பட்டியல் இருக்கிறது. பருவக் கடைசியில் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டும் இருக்கிறது. பரிசோதனை நடப்பதில்லை. சீனியர் நோட்டில் இருக்கும் எண்களில் ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைத்து எழுதினால் சோலி முடிந்தது. முல்லர்-லையர் கோட்டு மாயத்தோற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: முனையில் அம்புக்குறி உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதைப் பொறுத்து, ஒரே நீளக் கோடுகள் வேறு வேறு நீளமாகத் தெரியும்; அந்தப் பிழையை அளப்பதுதான் பரிசோதனை. முப்பது நோட்டையும் வரிசையாகப் புரட்டினால் முப்பதிலும் பிழை ஒரே பக்கம், ஏறத்தாழ ஒரே அளவு. ஒரே தறியில் ஓட்டிய துணி மாதிரி ஒரே பாவு, ஒரே ஊடை. மனிதர்களை அளந்தால் எண்கள் அப்படி வராது. ஒருவருக்கு 4 மில்லிமீட்டர் வரும், பக்கத்தில் இருப்பவருக்கு 11 வரும், ஒருவருக்கு எதிர்ப்பக்கமாகவே வரும். அந்தச் சிதறலைப் பார்க்காமல் ஒருவர் உளவியல் பட்டம் வாங்கிவிடலாம் என்பது எங்களுக்கு உறுத்துகிறது.

உளவியல் தனித் துறையாக நின்றதே அளக்கத் தொடங்கியதால்தான். 1879ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடத்தைத்தான் உளவியலின் பிறப்பிடமாகப் பாடநூல்கள் காட்டுகின்றன. இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1916லும் மைசூர் 1924லும் துறையைத் தொடங்கியபோதும் ஆய்வுக்கூடத்தோடுதான் தொடங்கின. மறதியை முதலில் அளந்த எபிங்ஹவுஸ், 1885ல் வெளியிட்ட நூலுக்குத் தன் ஒருவரையே பரிசோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். அவரிடம் இருந்தது பொருளற்ற அசைகளின் பட்டியலும் நேரம் பார்க்க ஒரு கடிகாரமும். ‘எங்கள் கல்லூரியில் கருவி இல்லை’ என்று சொல்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

கருவியே வேண்டாத ஒன்றை முழுதாகச் சொல்கிறோம். எண் நினைவு வீச்சு: எத்தனை எண்களை ஒரு முறை கேட்டு அதே வரிசையில் திருப்பிச் சொல்ல முடிகிறது என்ற பரிசோதனை. ஒரு நேரத்தில் நினைவில் நிற்பது ஏழு கூட்டல் கழித்தல் இரண்டு என்ற மில்லரின் 1956ஆம் ஆண்டுக் கட்டுரையை மனப்பாடமாக எழுதுகிற மாணவருக்கு, அந்த ஏழு எந்த மொழியில் ஏழு என்று கேட்கத் தோன்றுவதில்லை. 1980ல் எல்லிஸ், ஹென்னலி இருவரும் வெல்ஷ் மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களிடம் பார்த்தார்கள். வெல்ஷ் எண்களை உச்சரிக்க நேரம் கூடுதலாக ஆனது. அதனால் வெல்ஷில் வீச்சு குறைந்தது. அதே கேள்வியைத் தமிழுக்குக் கேட்டால் நமக்கு ஒரு நல்ல பரிசோதனை கிடைக்கிறது.

எண்கள் 1 முதல் 8 வரை போதும். பூஜ்யத்தை விட்டுவிடுங்கள், அதற்கு ஆளுக்கொரு பெயர்: சைபர், ஜீரோ, முட்டை. ஒன்பதையும் விட்டுவிடுங்கள். அதைத் திருநங்கையரை இழிவுசெய்யும் சொல்லாகப் பழக்கி வைத்திருக்கிறோம். கடைசி பெஞ்சில் ஒருவர் சிரித்தால் போதும், அந்தப் பட்டியல் கெட்டது. (அந்தச் சிரிப்பைப் பற்றிப் பேச சமூக உளவியல் வகுப்பு இருக்கிறது. அங்கே கட்டாயம் பேசுங்கள்.) 4 எண்களில் தொடங்கி 8 வரை, ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு பட்டியல், தமிழுக்கு ஒரு தொகுப்பு, ஆங்கிலத்துக்கு வேறொரு தொகுப்பு. ஒரு பட்டியலில் ஒரு எண் இரண்டு முறை வரக்கூடாது. 3-4-5 என்று ஏறுவரிசை அமையக்கூடாது. இன்னொன்று, நம் ஊருக்கே உரியது: 6-4-1 என்று மூன்றும் சேர்ந்து வந்தால் கோவை, திருப்பூர் மாணவருக்கு அது பின்கோடு. மூன்று எண் ஒரே பொட்டலமாகிவிடும். ஈரோட்டுக்கு 6-3-8, நாமக்கல்லுக்கு 6-3-7.

வாசிக்கும் வேகம் நொடிக்கு ஓர் எண். கைபேசியில் தாளம் தட்டும் மெட்ரனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, வாசிப்பவர் மட்டும் காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். இங்கேதான் பெரும்பாலும் கெடுகிறது. மூன்று எண் தாண்டியதும் வாசிப்பவருக்குத் தெரியாமலே போன் நம்பர் சொல்கிற இழுவை வந்துவிடும்: நாலு-ரெண்டு-ஏழு, நிறுத்தம், ஒண்ணு-அஞ்சு. அந்த நிறுத்தமே கேட்பவருக்கு இலவசமாகக் கட்டிக்கொடுத்த பொட்டலம். கடைசி எண்ணில் குரலை இறக்குவதும் தவறு. முடியப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஒத்திகையில் குரலைப் பதிவுசெய்து கேட்டால் இரண்டும் பிடிபடும். இன்னும் நல்லது, எல்லாப் பட்டியலையும் ஒருவர் குரலில் ஒரே முறை பதிந்து வைத்துக்கொண்டு அதையே எல்லோருக்கும் ஒலிக்கவிடுவது.

வகுப்பில் பாதிப் பேர் தமிழில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போகட்டும், மீதிப் பேர் எதிர்வரிசையில். ஒரு நீளத்தில் இரண்டு பட்டியலும் தவறினால் நிறுத்திவிடுவது. அதற்கு முந்தைய நீளம் அவருடைய வீச்சு. அது முடிந்ததும் இன்னோர் அளவை எடுக்க வேண்டும், பலரும் விட்டுவிடுவது இதுதான். எட்டு எண்களையும் கலைத்து எழுதிய ஒரு சீட்டை இரண்டு மொழியிலும் நான்கு நான்கு முறை, முடிந்த அளவு வேகமாக வாசிக்கச் சொல்லி ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்பது. மொழிக்கும் வீச்சுக்கும் நடுவில் இருக்கும் காரணம் உச்சரிப்பு நேரம்தானா என்று பார்க்க இந்த எண் இல்லாமல் முடியாது.

பிறகுதான் வகுப்பு சூடுபிடிக்கும். ஆங்கிலத்தில் 1 முதல் 8 வரை ஏழைத் தவிர மற்றதெல்லாம் ஓரசை. தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எட்டுமே ஈரசை. அப்படியானால் தமிழ் வீச்சு குறைய வேண்டும். ஆனால் எழுத்து வழக்கில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு எல்லாம் குற்றியலுகரத்தில் முடிகின்றன, ‘ஏழு’ மட்டும் விலக்கு; குற்றியலுகரத்துக்கு அரை மாத்திரைதான் என்று இலக்கணம் படித்த மாணவி எழுந்து சொல்வாள். இன்னொருவர், எல்லோரும் போன் நம்பரை ஆங்கிலத்தில்தானே சொல்கிறோம், பழக்கத்தால் ஆங்கிலத்தில் கூடுகிறதோ என்பார். இரண்டுமே நல்ல மறுப்பு. எந்த வடிவத்தில் வாசிப்பது, ‘மூன்று’ என்றா ‘மூணு’ என்றா என்று முன்பே முடிவுசெய்யாத வகுப்பு இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொள்ளட்டும், குழப்பும் மாறி (நாம் பார்க்கும் காரணத்தோடு கலந்து முடிவைக் குழப்பும் வேறொரு காரணம்) என்றால் என்ன என்று அன்றைக்குப் புரிந்தது பிறகு மறக்காது.

இனி புள்ளியியல். முதல் நாளே, எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கச் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதினால் வரலாறு, வணிகவியல் குரூப்பிலிருந்து வந்த பிள்ளைகள் அன்றோடு மூடிவிடுவார்கள். குறிச் சோதனையில் தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் எந்த மொழியில் வீச்சு அதிகம் என்று மட்டும் பாருங்கள், சமமாக வந்தவர்களை நீக்கிவிடுங்கள். மீதி 20 பேர் என்றால், மொழியால் வேறுபாடே இல்லாதபோது நாணயம் சுண்டின மாதிரி பத்துக்குப் பத்து பக்கமாக வர வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ ஒரே பக்கம் சாய்ந்தால் 5 சதவீத எல்லையைத் தாண்டிவிட்டது, அதாவது வேறுபாடே இல்லாதபோது தற்செயலாக இப்படிச் சாய நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான். 12 பேர் என்றால் 10 தேவை, 30 பேர் என்றால் 21. நாணயத்தை நிஜமாகவே 20 முறை சுண்டி, அதை ஐம்பது தடவை செய்து, எத்தனை தடவை 15ஐ எட்டுகிறது என்று வகுப்பே எண்ணிப் பார்த்த பிறகு, சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனைக்குப் போவது ஏற்றமில்லாத வழி.

அந்த 5 சதவீதம் நிரூபணம் ஆகாது என்பதற்கும் அதே மணியில் இடம் கொடுங்கள். 2015ல் வெளியான ஒரு பெரிய கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் இந்த எல்லையைத் தாண்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் தாண்டின. இதைச் சொன்னால் மாணவருக்குப் பாடத்தின் மேல் நம்பிக்கை போய்விடுமே என்று சிலர் பயப்படுகிறார்கள். ரெக்கார்டு நோட்டில் எண்ணைத் திருத்தி எழுதப் பழகியவருக்கு இதைச் சொல்லாமல் விடுவதுதான் ஆபத்து. எதிர்பார்த்த முடிவு வராத நோட்டுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிற வழக்கம் வந்தால், பாதிப் பேர் திருத்துவதை நிறுத்திவிடுவார்கள்.

ஸ்ட்ரூப் பரிசோதனை (1935) எல்லாக் கல்லூரியிலும் பட்டியலில் உண்டு: நிறப் பெயர் ஒன்றை வேறு நிறத்தில் எழுதிக் காட்டி, சொல்லை விட்டுவிட்டு எழுதிய நிறத்தைச் சொல்லச் செய்து நேரம் பார்ப்பது. ஆங்கில அட்டையை இறக்கிப் போட்டு நடத்துகிறார்கள். தமிழ் அட்டையை ஸ்கெட்ச் பேனாவால் அரை மணி நேரத்தில் செய்யலாம்: சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற நான்கு சொற்கள், பொருந்தாத நிறத்தில் எழுதிய 40 சொற்கள் ஓர் அட்டையில், அதே நிறங்களில் 40 கட்டங்கள் இன்னோர் அட்டையில். மஞ்சள் வேண்டாம். ஈரோட்டுக்காரர்களுக்கு வருத்தம்தான், ஆனால் வெள்ளைத் தாளில் மஞ்சள் எடுபடாது. வாசிப்பவர் தடுமாறுவது சொல்லாலா மங்கலாலா என்று தெரியாமல் போகும். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. நிறக்குறைபாடு உள்ளவர் ஆண்களில் நூற்றுக்குச் சிலர் இருப்பார்கள். அதைப் பத்துப் பேர் முன்னால் கண்டுபிடிக்காதீர்கள். சாயப்பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலையோ ரயில்வே வேலையோ மனதில் வைத்திருக்கிற பையனாக இருக்கலாம். தனியாகக் கேட்டுவிட்டு, அவரை நேரம் குறிப்பவராக வைத்துக்கொண்டால் போதும்.

வினாப்பட்டியல்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்ட் என்றாலே இப்போது வினாப்பட்டியல்தான். ஆங்கிலத்தில் இருப்பதை எடுத்து, பேட்டி காணும் இடத்திலேயே வாய்க்கு வந்தபடி தமிழாக்கிக் கேட்டுவிட்டு, மதிப்பெண் போட்டு, பட்டியலில் ‘பதற்றம்: மிதமானது’ என்று எழுதுகிறார்கள். மொழிபெயர்ப்பில் இருவர் தனித்தனியாகத் தமிழாக்கி, மூன்றாமவர் மூலத்தைப் பார்க்காமல் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிடுவதுதான் குறைந்தபட்ச முறை. அதற்குப் பிறகும் ஐந்தாறு பேரிடம் வாசித்துக் காட்டி, ‘இதுக்கு என்னன்னு அர்த்தம் எடுத்துக்கிட்டீங்க?’ என்று கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் வெளிப்படுகிற சிக்கல் ஒன்றைக் காட்டுகிறோம். பட்டியலில் ‘எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை: ஆம் / இல்லை’ என்று இருக்கிறது. மாணவி கேட்கிறாள்: ‘தூக்கம் வர்றதில்லீங்களா?’ தூக்கமே வராத ஒருவர் ‘ஆமாங்க, வர்றதில்லை’ என்கிறார். அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் ‘இல்லைங்க, வர்றதில்லை’ என்கிறார். ஒருவருக்கு 1, மற்றவருக்கு 0. இரண்டு பேருக்கும் ஒரே கஷ்டம்! தமிழில் எதிர்மறை வாக்கியத்துக்கு ஆம், இல்லை என்று விடை கேட்கவே கூடாது. ‘போன வாரம் எத்தனை ராத்திரி நல்லாத் தூங்குனீங்க?’ என்று எண்ணிக்கையாகக் கேட்டால் தீர்ந்தது. ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ஐந்து படி வைக்கும் அளவுகோலும் எழுதப் படிக்கப் பழகாதவரிடம் நிற்காது. மரியாதைக்காகவே எல்லாவற்றுக்கும் ‘சரிங்க’ என்பார்கள். வெறும் டம்ளரிலிருந்து நிறைந்த டம்ளர் வரை ஐந்து டம்ளர் படம் வரைந்து, தொட்டுக் காட்டச் சொன்னால் விடை பரவலாக வருகிறது.

சொல்லும் அப்படித்தான். மனச்சோர்வு என்ற சொல்லை இங்கே யாரும் வீட்டில் பேசுவதில்லை. ‘ஒரே வெசனமா இருக்குது’, ‘எந்நேரமும் ஏதாச்சும் ரோசனை’, ‘பொக்குனு போயிருச்சு’, ‘ஒடம்பெல்லாம் ஒரு மாதிரி அசத்துது’ என்பார்கள். இவை ஒன்றுக்கொன்று மாற்றாகாது. பொக்கென்று போவது எதிர்பார்த்தது கிடைக்காத ஏமாற்றம், மறுநாள் சரியாகிவிடலாம். வெசனம் நாள்பட்டது. இப்படி 20 சொல்லைத் தன் ஊரில் சேகரித்து, எப்போது, யார், எத்தனை நாளைய நிலைக்குச் சொல்கிறார்கள் என்று எழுதிவரச் சொல்லுங்கள். வாங்கின வினாப்பட்டியலை நிரப்பும் ப்ராஜெக்ட்டைவிட அதில் உளவியல் கூடுதலாக இருக்கிறது.

கலைச்சொற்களில் ஒன்றே ஒன்றை மாற்றினால் ஆண்டுதோறும் வரும் ஒரு தவறு குறையும். ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்றதும் பத்தில் எட்டு விடைத்தாளில் தண்டனை என்று எழுதியிருக்கும். தொல்லை நீங்குவதால் ஒரு செயல் பெருகுவதுதான் அது. ஒறம்பரை (விருந்தாளி) வந்த நேரத்தில் குழந்தை மிட்டாய் கேட்டு அழுகிறது, அம்மா கொடுத்துவிடுகிறாள். குழந்தைக்கு மிட்டாய் கிடைத்தது. அடுத்த முறையும் அழும். அம்மாவுக்கு அழுகைச் சத்தம் நின்றது. அடுத்த முறையும் கொடுப்பாள். ஒரே நிகழ்ச்சியில் குழந்தைக்கு நடந்தது ஒருவகை வலுவூட்டல், அம்மாவுக்கு நடந்தது மற்றது. ‘சேர்ப்பு வலுவூட்டல்’, ‘நீக்க வலுவூட்டல்’ என்று சொல்லிப் பாருங்கள், குழப்பம் வராது.

வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்கள் எண்ணிக்கை இனி கூடும். 2021ஆம் ஆண்டுச் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் கீழ் வருவதால், உளவியலைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாது, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கை முதல் நிறுத்த வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. தபாலில் படிக்க நினைத்த ஆசிரியைகளும் பனியன் கம்பெனி சூப்பர்வைசர்களும் நேரடி வகுப்புக்குத்தான் வந்தாக வேண்டும். எட்டு மணி நேர ஷிப்டு முடித்து வந்து உட்காருகிறவருக்குப் பழைய குறிப்பை ஓதிக் காட்டினால் தூங்கத்தான் செய்வார். வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் போன வாரப் பாடத்திலிருந்து மூன்று கேள்வி, போன மாதத்திலிருந்து ஒன்று, மதிப்பெண் கிடையாது, தாளை வாங்கவும் வேண்டாம். ரோடிகர், கார்பிக்கி 2006ல் செய்த ஆய்வு இதற்கு ஆதாரம்: திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், 81க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56, வாசித்தவர்கள் 42. முதல் நாள் ராத்திரி விழித்து வாசிப்பது ஏன் பலன் தருகிற மாதிரி தோன்றுகிறது என்பதும் அந்த 81லேயே இருக்கிறது.

மாலை வகுப்புக்கு ஏற்ற பரிசோதனைக்குத் தங்கள் நாளிதழே போதும். ஒரு பக்கத்தைக் கொடுத்து ‘ழ’ வரும் இடத்தையெல்லாம் அடிக்கச் சொல்லுங்கள், முப்பது நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மணி அடித்ததும் அந்த இடத்தில் ஒரு கோடு. பிறகு ஒவ்வொரு பகுதியிலும் தவறவிட்டவை எத்தனை, ‘ள’வை ‘ழ’ என்று அடித்தவை எத்தனை என்று தனித்தனியாக எண்ண வேண்டும். இரண்டும் வேறு வேறு பிழை. சினிமா, விளையாட்டுப் பக்கங்கள் ஆகாது, ஆட்கள் செய்தியைப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள். டெண்டர் அறிவிப்புப் பக்கம் மிகப் பொருத்தம் (மன்னிக்கவும்). 1948ல் மேக்வொர்த் காட்டியது, ஒரே மாதிரிக் காட்சியை இடைவிடாமல் கவனிப்பவருக்கு முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே பிடிபடுவது குறையத் தொடங்குகிறது என்பது. திருப்பூரில் செக்கிங் டேபிளில் நிற்கிற மாணவிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. எந்த நேரத்தில் ஊசி ஓட்டை தப்பிப் போகிறது என்று அவள் வகுப்புக்கே சொல்லித் தருவாள்.

சமூக உளவியலில் நேர்மாறான தவறு நடக்கிறது: செய்யக் கூடாததைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள். கைதி-காவலர் வேடம் போடுவது, கத்திக் கட்டளையிட்டுக் கீழ்ப்படிய வைப்பது. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997லிருந்து இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறோம். கட்டளையிட்டால் மற்றவருக்கு மின்னதிர்ச்சி (உண்மையில் போலி) கொடுப்பார்களா என்று பார்த்த மில்கிராமின் ஆய்வைச் செய்யாமலே நன்றாக நடத்தலாம். 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள் என்ற 1963ஆம் ஆண்டு முடிவோடு பாடம் முடிந்துவிடுவதுதான் சிக்கல். மனிதர்களே இப்படித்தான் என்று மாணவர் எழுதிவிட்டுப் போகிறார். அவர் செய்த மாற்றங்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எதில் அதிகம், எதில் குறைவு என்று வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். அதிர்ச்சி வாங்குபவர் அதே அறையில் இருந்தால் 40 சதவீதம். அவர் கையைப் பிடித்துத் தகட்டில் வைக்க வேண்டியிருந்தால் 30. கட்டளை தொலைபேசியில் வந்தால் சுமார் 20. கூட இருக்கும் இருவர் மறுத்துவிட்டால் 10. ஆள் மாறவில்லை, சூழல்தான் மாறியது என்று அவர்களே சொல்வார்கள்.

முன்முடிவு பற்றிய பாடம் அமெரிக்க வெள்ளையர்-கறுப்பர் உதாரணத்தோடு நின்றுவிடுகிறது. ‘எந்த ஊருங்க?’ என்று தொடங்கி மூன்றாவது கேள்வியில் சாதிக்கு வந்து நிற்கிற நம் பஸ் பேச்சு பாடத்துக்குள் வருவதேயில்லை. வகுப்பில் கை தூக்கச் சொல்லி இதைத் தொடங்கினால் யாருக்காவது காயம் படும். டாஜ்பெல் 1970ல் வெளியிட்ட முறையைச் சற்று மாற்றிப் பின்பற்றுங்கள்: நாணயம் சுண்டி இரண்டு குழு, பெயருக்குப் பதில் குறி எண், தனக்கு எதுவும் கிடையாது என்ற நிலையில் இரண்டு குறி எண்களுக்கு 15 புளியங்கொட்டைகளைப் பங்கிடுவது. பெயர் தெரிந்தாலோ உட்கார்ந்திருக்கும் இடம் தெரிந்தாலோ பரிசோதனை போயிற்று. காரணமே இல்லாத குழுவுக்குக் கூடக் கை தாராளமாக நீள்வதைப் பார்த்த பிறகு, காரணம் சொல்லப்படும் குழுக்களைப் பற்றிப் பேச்சு தானாக வரும். அங்கேயும் ஆசிரியர் யாரையும் பெயர் சொல்லி எழுப்பக் கூடாது.

ஒப்புதல் பற்றி இரண்டு வரி. முதலாண்டு மாணவர் பலருக்கு 18 வயது நிறைந்திருக்காது. வெளியார் செய்யும் ஆய்வில் சேர்க்கப் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். நுண்ணறிவு, ஆளுமைத் தேர்வு மதிப்பெண்ணைக் கரும்பலகையில் எழுதவே எழுதாதீர்கள். தற்கொலை, வன்முறை பற்றிய பாடம் என்றால் முதல் நாளே சொல்லிவிட்டு, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணைப் பலகை ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். நாற்பது பேரில் யாருக்கோ அது சொந்த வீட்டுக் கதையாக இருக்கும்.

இளங்கலை முடித்ததும் வாசலில் ‘மனநல நிபுணர்’ போர்டு மாட்டுகிறவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்று தொழில் செய்ய 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு வேண்டும். மூன்றாண்டுப் பட்டமோ ஆறு மாதச் சான்றிதழோ அதற்குப் போதாது. சேர்க்கையின்போதே இதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுவது துறையின் கடமை. அப்படிச் சொன்னால் இடம் நிரம்பாது என்பவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை.

பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்களிடமும் புறத்தேர்வாளர்களாக வருகிறவர்களிடமும் நாங்கள் கேட்பது சிறியது. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு பரிசோதனைக்குப் பின்னாலும் பரிசோதனை நடந்தபோது எழுதிய மூலத் தாளை, தேதி, நேரம், பங்கேற்றவரின் குறி எண்ணோடு, பின் அடித்து வைக்கச் சொல்லுங்கள். அடித்தல் திருத்தல் இருக்கட்டும், ஒயிட்னர் கூடாது. நோட்டுக்கு ஒதுக்கிய மதிப்பெண்ணில் பாதி அந்தத் தாளுக்கு. வாய்மொழித் தேர்வில் வரையறை கேட்பதற்குப் பதில் ஏதாவது ஒரு எண்ணைச் சுட்டிக்காட்டி, ‘இவருக்கு மட்டும் ஏன் இப்படி வந்தது?’ என்று கேளுங்கள். தாளில் காபிக் கறை இருந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
உளவியல் கற்பிப்போர் சிலர்,
கோவை, ஈரோடு, நாமக்கல்.